டீசல் மருமகள்கள்

டெல்லி கரோல் பாக் ஷோரூமில் வண்டி விற்கிறேன். ஏழு பேர் போகிற வண்டி வாங்க, இரண்டு மருமகள்களோடு வந்தார் திலக்ராஜ் கன்னா.

"பெட்ரோல்" என்றார்.

"டீசல்தான் பாபுஜி! மைலேஜ் அள்ளும்" என்றாள் மூத்தவள் சுனைனா.

"மலைப்பாதையில இழுவையும் ஜாஸ்தி" என்றாள் இளையவள் ரிச்சா. வந்ததிலிருந்து இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்கு மனசாட்சி உறுத்தியது. "மேடம், டெல்லியில டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு. அப்புறம் காயலான் கடைதான். பெட்ரோல்னா பதினஞ்சு."

"தெரியும்! டீசல்!" என்று இருவரும் ஒரே குரலில் சீறினார்கள்.

கன்னா பெட்ரோலுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கங்கைத் தண்ணியைக் கையில வாங்கி ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்காங்க தம்பி. இந்த வண்டி ரோட்டுல ஓடுற வரைக்கும் தனிக்குடித்தனப் பேச்சே கிடையாது. வீட்டுல ஒரே அடுப்பு!"

சிரித்தபடி வண்டியைத் தட்டிப் பார்க்கப் போனார்.

ரிச்சா பொலபொலவென்று அழுதாள். "பதினஞ்சு வருஷம் உங்க மூஞ்சியிலேயே முழிக்கணுமா அக்கா?"

சுனைனா முதன்முறையாக அவள் கையைப் பிடித்தாள்.

"அழாதடி. வண்டி வந்ததும் நான் ஓட்டிப் பழகுறேன். பாபுஜியை முன் சீட்டுல உட்கார வச்சுக்கிட்டு."