தானாகத் தணியும் விளக்கு

சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகனைப் பற்றி இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. செத்துப்போயிருப்பான் என்றே நம்பினார்கள். அவன் உயிருள்ள கடல் பவளங்களை வளர்த்த கண்ணாடித் தொட்டியை எடுத்துப்போக இன்று மீன்தொட்டி வியாபாரி வந்திருந்தார்.

"தொடாதீங்க! வெளிச்சம் அதிகமாகிப் பவளம் வெளிறினா, தொட்டி விளக்கு தானாத் தணியுது. என் பிள்ளை இங்கதான் இருக்கான்," என்று அம்மா மறித்தாள்.

"பேயாவது, கத்தரிக்காயாவது!" என்றார் அப்பா.

வியாபாரி தன் போனை விளக்கோடு இணைத்துப் பார்த்தார். "இது போன்ல இயக்கற விளக்கும்மா. விளக்குலயே இருக்கற இந்தக் கேமராவுல பாத்து, எங்கிருந்தோ நேத்துகூட யாரோ வெளிச்சத்தைக் குறைச்சிருக்காங்க. பேரு... பட்டுக்குஞ்சுன்னு போட்டிருக்கு."

அம்மா மட்டுமே மகனைக் கூப்பிடும் பெயர் அது.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இத்தனை நாள் யாரையும் தொடவிடாத அந்த விளக்கின் பிளக்கை, கேமராவும் அணைந்துபோக, அவளே பிடுங்கினாள்.

"என்னைப் பாக்க வரலை. பவளத்துக்கு என்னாச்சுன்னு பாக்கவாவது வருவான்."