முகமூடிக்காரனின் முகச்சவரம்

சலூன் சுவரில் மாட்டிய டிவியில் முப்பது வருடத்துக்கு முந்தைய மல்யுத்தம் ஓடுகிறது. ஜன்னல் வெயில், நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெரியவரின் நுரை பூசிய தாடையில் வந்து விழுகிறது. திரையில், வெள்ளி முகமூடி போட்ட 'கருந்தேள்' என்ற வில்லன் வீரன், இடுப்பில் ஒளித்து வைத்திருந்த உப்பை எதிராளியின் கண்ணில் தூவுகிறான். பெஞ்சில் காத்திருக்கும் மூன்று பேரும் கொதித்து எழுகிறார்கள். "படுபாவி! இவன் மட்டும் இன்னிக்கு என் கையில கெடைக்கணும்," என்று பல்லைக் கடிக்கிறார் சலூன்காரர். அவருடைய கத்தி பெரியவரின் தொண்டையில்தான் இருக்கிறது. பெரியவர் அசையவில்லை. அந்த முகமூடிக்குள் இருந்தவர் அவர்தான். மோதிய காலம் முழுக்க அதை ஊருக்கு முன்னால் கழற்றியதே இல்லை. எதிரே உள்ள கண்ணாடி வழியே திரையைப் பார்க்கிறார். கருந்தேள் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்கிறான். எதிராளி விழுகிற கணத்தில் கருந்தேளின் உள்ளங்கை, அவன் பின்னந்தலையில் அடிபடாதபடி அதற்கு அடியில் மெத்தை போலப் போய் நிற்கிறது. அன்று அரங்கில் இருந்த அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. இன்றும் யாரும் கவனிக்கவில்லை. பெஞ்சிலிருந்து வசவு பறக்கிறது. போர்த்திய துணிக்கு அடியில் பெரியவரின் நெஞ்சு நிமிர்கிறது.

"நீங்க இவனை நேர்ல பாத்திருக்கீங்களா அண்ணே?" என்று பெரியவரிடம் கேட்கிறார் சலூன்காரர்.

"பாக்காம என்ன? அவனை மாதிரி ஒரு கெட்டவன் இனிமே பொறந்துதான் வரணும்."