எந்த வீட்டு ரத்தம்?

"பெத்த தாயா நீ? இத்தனை வருஷமா மறைச்சிட்டியே!"

ஜெயபாலன் போட்ட கூச்சல் காஜா பெராங் சாலை வரைக்கும் கேட்டது. அம்மா பூங்காவனத்தின் வாய்க்குப் பயந்து பால்காரன்கூடத் தண்ணீர் கலப்பதில்லை. அப்படிப்பட்டவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

காலையில் கிளினிக்கில் ஆரம்பித்தது இது. மனைவி மல்லிகாவுக்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை நீலம் பாரித்துப் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. இப்போது லேடி டாக்டர் குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். முகம் மாறிவிட்டது.

"குழந்தையோட இதயத்துடிப்பு சரியில்லை. சில குடும்பங்கள்ல இது ரத்தத்துலயே வரும். உங்க முதல் பிள்ளை மாதிரி, ரெண்டு வீட்ல எதுலயாவது நீலமாப் பிறந்து இறந்த பிள்ளை உண்டா? மறைக்காமச் சொல்லுங்க. உண்டுன்னா பிரசவம் இங்க வேண்டாம், சிங்கப்பூருக்கு அனுப்பணும்."

"எங்க வம்சத்துல அப்படி எதுவும் கிடையாது" என்றான் ஜெயபாலன் வெடுக்கென்று. மனைவி பக்கம் திரும்பினான்.

"உங்க வீட்லயா? ஏமாத்திக் கட்டி வச்சிருந்தாங்கன்னா, இப்படியே கொண்டுபோய் உங்கப்பா வீட்ல விட்டுடுவேன்."

மல்லிகா தலை நிமிரவில்லை.

அப்போதுதான் கூட வந்திருந்த பூங்காவனம் வாயைத் திறந்தாள். "எங்க வீட்லதான் டாக்டர். இவனுக்கு முன்னால எனக்கு ஒண்ணு பிறந்துச்சு. நீலமாவே வந்து நீலமாவே போயிருச்சு."

டாக்டர் சிங்கப்பூருக்கு ஏற்பாடு செய்தார். ஜெயபாலனுக்குத்தான் அவமானம் தாங்கவில்லை.

வீட்டில் கத்தித் தீர்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

"பசியாறிட்டுப் போய்யா" என்றாள் பூங்காவனம்.

"உன் கையால இனிமே பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்."

சுதந்திரத்துக்குக் கட்டிய தோரணங்கள் இன்னும் சாலையில் தொங்கிக்கொண்டிருந்தன. எதையும் பார்க்காமல் மிதித்தான். தெங்கேராவில் மாமனார் அப்பாசாமி வீட்டு வாசலில்தான் போய் நின்றான்.

"வாங்க மாப்ள" என்று வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க மாமா. எங்க வீட்டுக் கோளாறை மறைச்சு உங்க பொண்ணைக் கட்டிக்கிட்டோம். அம்மா பெத்த முதல் பிள்ளை நீலமாப் பிறந்து செத்துச்சாம். இன்னைக்கு டாக்டர் கேட்டப்பதான் சொல்றாங்க."

அப்பாசாமி அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அது உங்க வீட்டுப் பிள்ளை இல்ல மாப்ள. மல்லிகாவுக்குப் பின்னால பிறந்த என் மகன். பரிசம் போட வந்தன்னைக்கே உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஜெயபாலன் அவர் எதிரில் குனிந்தான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் எழுந்தேன். அவங்கதான் தடுத்தாங்க. 'வேண்டாம் சம்பந்தி, அவன் கோபக்காரன். அப்படி ஒண்ணு வந்தா என் வீட்டுக் கோளாறுன்னு நானே சொல்லிக்கிறேன். உங்க பொண்ணைன்னா அப்பன் வீட்டுக்குத் துரத்துவான். என்னை எங்க துரத்துவான்?'னு கேட்டாங்க மாப்ள."