கதவைச் சாத்தினவள்

“வாசல் வரைக்கும் வந்தவனைப் பார்த்துக் கதவைச் சாத்தினாளே, அவளையெல்லாம் மனுஷியில சேர்க்கலாமா?”

பஸ்ஸின் முன்பாதி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பாவம், சொந்தக்காரர் வீட்டில் அவமானப்பட்டு வருகிறார் போலிருக்கிறது என்று எதிர் சீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

“மெதுவாப் பேசுங்க. வெறும் சினிமாதானே,” என்றாள் மனைவி.

“சினிமாதான். ஆனா வாரத்துக்கு ஒரு நாள் லீவு எனக்கு. அதையும் கொண்டுபோய் அந்தத் தியேட்டர்ல கொட்டிட்டு வந்திருக்கேன்.”

அவர் அதே தடத்தில் பஸ் ஓட்டுகிறவர். இன்று வேறு ஒருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருவதே அவருக்குப் பாதி எரிச்சல். கண்டக்டர் பழகின பையன். கம்பியில் சாய்ந்துகொண்டு, “படம் அவ்வளவு மோசமாண்ணே?” என்று கேட்டான்.

“மோசமா இருந்தா எழுந்து வந்திருப்பேனே. நல்லா எடுத்துத் தொலைச்சிருக்கான், அதான் வயித்தெரிச்சல். அவளுக்கு நிச்சயமானவன் போருக்குப் போறான். செத்துட்டான்னு சேதி வருது. அழுது ஓய்ஞ்சு, ஒரு வாத்தியாரைக் கட்டிக்கிறா. அதுல தப்பில்ல, எத்தனை நாள் அழுவா? அப்புறம் பார்த்தா அவன் உயிரோட வந்து நிக்கிறான். எதிரி முகாம்ல கிடந்து, ஒரு காலைத் தொலைச்சிட்டு, கொட்டுற மழையில நிக்கிறான். ‘நீங்க தேடி வந்த பொண்ணு இங்க இல்லை’ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா. அவன் நேரா ஆத்துப் பக்கம் நடக்குறான். அவ்வளவுதான், லைட்டைப் போட்டுட்டாங்க.”

“சண்டைக் காட்சி எல்லாம் எப்படிண்ணே?”

“நீ விசிலைக் கொடு. ஸ்டாப் தாண்டுது.”

வீடு வந்து சேர்ந்தும் அவர் வாய் ஓயவில்லை. செருப்பைக் கழற்றும்போது அந்தப் பெண்ணைத் திட்டினார். சட்டையைக் கழற்றி மாட்டும்போது படம் எடுத்தவனைத் திட்டினார்.

காலிங் பெல் அடித்தது. மனைவி தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். “யாரு?”

“நான்தான், கீழ் வீடு. உங்க பாப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“யாரு?” என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் திறந்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முன்பெல்லாம் பெல் அடித்து முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுகிறவள். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து பயந்து போயிருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பாப்பா உள்ளே ஓடியது. மனைவி அதன் பள்ளிக்கூடப் பாவாடையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, விளிம்பைப் பிரித்து இறக்க ஆரம்பித்தாள். அவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருந்தது. தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது இவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அவளுக்கும் முதலில் நிச்சயமானவன் போருக்குப் போய் மாண்டவன்தான். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே அவரிடம் சொல்லிவிட்டாள். அவரும் அதன்பிறகு அதைக் கிளறியதில்லை. அதனால்தான் இந்தப் படம் மட்டும் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அவள்தான் பிடிவாதமாக இழுத்துப் போனாள்.

“உனக்குக்கூடவா அவன் மேல இரக்கம் வரலை?”

“வந்துச்சு.”

“பின்னே அவளைத் திட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிற?”

“உள்ள தொட்டில்ல குழந்தை தூங்கிட்டிருந்துச்சு. புருஷன் நல்லவர். அவ வேற என்ன பண்ணுவா?”

“உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை. தலை துவட்ட ஒரு துண்டு. அதுகூடவா முடியாது?”

“உள்ள கூப்பிட்டா, அப்புறம் வெளிய அனுப்ப முடியாதுங்க.”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. “நல்லா இருக்கு நியாயம். அந்த வாத்தியாரைச் சொல்லணும். விவரம் தெரியாம அவ பரிமாறினதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். நானா இருந்தா…”

ஊசி நின்றது. “நீங்களா இருந்தா?”

“அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அவன்கிட்ட விட்டிருப்பேன். இவ்வளவு கல் மனசுக்காரி கூட ஒரு நாள் குடித்தனம் பண்ண மாட்டேன்.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பாவாடையை மடித்து ஓரமாக வைத்தாள். உள்ளே பாப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அவர் சாகலைங்க. போன வாரம், நீங்க டூட்டிக்குப் போயிருந்தப்ப, இங்க வந்தாரு.”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. “எவரு?”

அவள் கண்களில் இப்போதுதான் நீர் கட்டியது.

“நானும் கதவைச் சாத்திட்டேங்க.”