ஆறு எண்கள்

“அப்ப கோட் யாரு போனுக்குத்தான் வருதுக்கா?”

“எங்க மச்சானுக்கு,” என்றாள் அனீஸா. “தோஹாவுல இருக்காங்க.”

தியாகேசன் சிரித்துவிட்டான். தேர்தல் முடியும்வரை மன்னார்குடி அலுவலகத்துக் கணினிக்குள் வேற்றாள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளக் கட்சி அவனைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தது. தொகுதியின் எல்லா பூத் ஆட்களின் பெயரும் எண்ணும் இருந்த பட்டியலை அனீஸாதான் தினமும் திறப்பாள். திறக்க, ஒவ்வொரு முறையும் போனுக்குக் கோடாக வரும் ஆறு எண்கள் வேண்டும்.

கேஸ், ரேஷன், பையனின் பள்ளிக்கூடம் என்று வீட்டில் எல்லாமே கணவன் சலாஹுதீனின் எண்ணில்தான். அந்தப் பழக்கத்தில் இதற்கும் அதையே கொடுத்துவிட்டாள். ஊர் சிம்மை அவன் அங்கேயும் கழற்றவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கூப்பிடுவாள். அங்கே ஏழு மணி. மற்ற நேரங்களில் எடுக்காதவன் இதற்கு எடுத்துவிடுவான். வேலை விஷயம் ஆயிற்றே. கம்பெனி பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே இரண்டிரண்டாகச் சொல்வான். அவள் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகக் குறித்துக்கொண்டு மறுபடி கேட்பாள். அந்தச் சாக்கில் உளுந்து பறித்தாயிற்றா என்பான். பையனுக்குப் பல் விழுந்ததை அவள் சொல்வாள். பஸ் நின்றதும் வைத்துவிடுவான்.

வாரம் ஆறு நாள். வெள்ளிக்கிழமை அவன் தூங்குவான்.

கோட் அவரவர் போனுக்குத்தான் வரவேண்டும், இன்றைக்கே மாற்றிவிடலாம் என்றான் தியாகேசன். அவள் தலையாட்டினாள்.

“போன் பண்ணி கோட் கேக்கிறவங்க திருடங்கக்கா. யாரா இருந்தாலும்.”

மறுநாள் ஒன்பதரைக்கு அனீஸா கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

கோட் வந்திருக்கா பாருங்கள் என்றாள். பார்த்தான். எதுவும் வரவில்லை என்றான். அங்கே டவர் சரியில்லையோ என்றாள். மறுபடி பார்த்தான். பையன் இட்லி சாப்பிட்டானா என்று கேட்டுக்கொண்டே பார்த்தான்.

அவளுக்கு முன்னால் பட்டியல் ஒன்பது மணிக்கே திறந்து கிடந்தது. ஆறு எண்களும் அவள் போனுக்குத்தான் வந்திருந்தன.

இன்னும் வரலையே, பஸ் நிற்கப்போகிறது என்றான்.

“வந்துடும் மச்சான். கொஞ்சம் லைன்லயே இருங்க.”