எந்த வம்சத்துப் பூச்சி?

“என்னோடதா இருக்க வாய்ப்பே இல்லை டாக்டர். எழுதியே தர்றேன். இது இவரோடதுதான்” என்றாள் மனைவி, மூன்று வயது மகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

“நீ மட்டும் என்ன யோக்கியமா?” என்று எகிறினான் கணவன். கதவுக்கு வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர், தன் பல்வலியை மறந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

“சண்டை எதுக்கு? டெஸ்ட் எடுத்தா யாரோடதுன்னு தெரிஞ்சுடப் போகுது” என்றாள் டாக்டரம்மா.

பேச்சு குழந்தையைப் பற்றியதல்ல. குழந்தையின் வாயில் குடித்தனம் நடத்தும் கிருமியைப் பற்றியது. பாப்பாவுக்கு இருப்பதே இருபது பல், அதில் ஆறு சொத்தை.

“பொறக்கும்போது எந்தக் குழந்தை வாயிலயும் இந்தக் கிருமி இருக்காது. கூட இருக்கிறவங்க எச்சில் வழியாத்தான் போகும். ஸ்பூனை நக்கிட்டு ஊட்டுறது, பாதி கடிச்சுக் குடுக்கிறது, இப்படி. ஒவ்வொருத்தர் வாயிலயும் ஒவ்வொரு ரகம். பாப்பாவோடது யார் ரகத்தோட ஒத்துப்போகுதுன்னு பாத்துடலாம்” என்றாள் டாக்டரம்மா.

பாப்பா பிறந்தபோது மூக்கு எங்கள் வம்சம், கண் எங்கள் வம்சம் என்று இரண்டு வீட்டாரும் பட்டா போட்டுக்கொண்டார்கள். கிருமிக்கு மட்டும் உரிமை கொண்டாட ஒரு நாதியில்லை.

“டிக்கெட்டையே எச்சில் தொட்டுக் கிழிக்கிற மனுஷன் டாக்டர்” என்று புகார் வாசித்தாள் மனைவி. அவன் பஸ் கண்டக்டர்.

“இவ மட்டும்? நூலை வாயில வச்சு நனைக்காம ஒரு ஊசி கோத்ததில்லை” என்றான் அவன். அவள் தையல்காரி.

“சரி, யாரோடதுன்னு தெரியட்டும். அவங்க ஒரு வருஷத்துக்குப் பாப்பாவுக்கு ஊட்டக் கூடாது. முத்தமும் கிடையாது. சம்மதமா?”

“சம்மதம்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் எதற்குச் சம்மதித்தோம் என்று உறைத்தது.

தினமும் வேலை முடிந்து வந்து அவன்தான் பாப்பாவுக்கு ஊட்டுவான். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நாள் முழுக்கப் பஸ் கூட்டத்தில் நசுங்கினான். சூடு பார்க்கிறேன் என்று முதல் வாய் அவனுக்கு, ருசி பார்க்கிறேன் என்று இரண்டாவது வாயும் அவனுக்கு. ஐஸ்கிரீம் என்றால் ஒரு நக்கு பாப்பா, ஒரு நக்கு அவன். டெஸ்ட் எடுத்தால் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும்.

டாக்டரம்மா பாப்பாவின் வாயில் பஞ்சு தடவி எடுத்துக்கொண்டாள். ‘அம்மா’, ‘அப்பா’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு சின்ன டியூப்களை நீட்டினாள். “துப்பி, மூடி, இந்தத் தட்டுல வைங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்” என்று பக்கத்து அறைக்குப் போனாள்.

இருவரும் துப்பி வைத்தார்கள். அதற்குள் கீழே வாட்ச்மேன் கத்த ஆரம்பித்தான். வழியை மறித்து நின்றது கணவனுடைய வண்டிதான். ஓடிப்போய் நகர்த்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். மனைவி சுவரிலிருந்த பல் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒண்ணுக்கு” என்றது பாப்பா. அவள் தூக்கிக்கொண்டு போனாள்.

அவன் தனியாக நின்றான். செய்வது பாவம் என்று தெரிந்தது. ஆனால் பாப்பாவுக்கு ஊட்டாமல் ஒரு வருஷமா? சட்டென்று ஸ்டிக்கரை உரித்தான். இரண்டுமே சொல்லிவைத்தாற்போல் சுலபமாகக் கையோடு வந்தன. உருப்படியான பசை வாங்கக்கூட இந்த ஆஸ்பத்திரிக்கு வக்கில்லை என்று நினைத்துக்கொண்டே, இடம் மாற்றி ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய்த்தான்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது.

“சந்தேகமே இல்லை. அப்பாவோடதுதான்” என்றாள் டாக்டரம்மா.

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். அப்பா என்று ஒட்டியிருந்த டியூபில் இருந்தது மனைவியின் எச்சில். அப்படியானால் குற்றவாளி அவள்தான். அவன் சொக்கத்தங்கம்! அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தானே குழி தோண்டி விழுந்திருக்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி ஏனோ அவனைக் குத்திக்காட்டவில்லை.

அன்று சாயங்காலம் அவள்தான் தட்டோடு உட்கார்ந்தாள். பாப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. “அப்பாதான் ஊட்டணும்” என்று அழுதது. கெஞ்சியும் மிரட்டியும் ஒரு வாய் இறங்கவில்லை.

“தட்டை இப்படிக் குடு” என்று பிடுங்கிக்கொண்டான். “இதுக்கு மேல மறைக்க என்னால ஆகாது. அது என் பூச்சி இல்லை, உன்னோடது. நீ பாப்பாவை பாத்ரூம் கூட்டிட்டுப் போனப்ப, ரெண்டு ஸ்டிக்கரையும் நான்தான் மாத்தி ஒட்டினேன். போதுமா?”

தலையில் கரண்டி விழப்போகிறது என்று எதிர்பார்த்தான். அவளோ வாயைப் பிளந்துகொண்டு அவனையே பார்த்தாள்.

“அடக் கடவுளே! நீங்களுமா மாத்துனீங்க?”