பூனைக்கு ஒரு வழி

பூனை காணாமல் போனதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று மதிய மழையில் அது சமையலறைக் கதவைப் பிறாண்டிய கீறல்கள் அப்படியே இருந்தன; அந்தச் சத்தம் வீட்டில் யார் காதிலும் விழவில்லை என்பதுதான் அவளுக்கு மனத்தாங்கல். அப்பா தச்சரைக் கூப்பிட்டு, அந்தக் கதவின் அடியில் ஓட்டை போட்டு, தள்ளினால் திறக்கும் சின்னப் பலகை ஒன்றை மாட்டச் சொன்னார்.

“பூனையே இல்லையே சார், யாருக்கு இது?” என்றார் தச்சர்.

“திரும்பி வந்தா வெளிய நின்னு தவிக்கக் கூடாதுல்ல.”

தச்சர் மரத்தூளைக் கூட்டும்போதே பலகை அசைந்தது. கிழிந்த காதும், மகள் அதன் கழுத்தில் கட்டியிருந்த நீல நாடாவுமாகப் பூனை உள்ளே வந்தது. மகள் அதை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பலகை மறுபடி அசைந்தது. அதே கிழிந்த காது, அதே நாடா, அதே முடிச்சு. தச்சர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

“இதுல எதும்மா நம்மது?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டும்தான்பா. எனக்குப் பசிக்குது” என்றபடி மகள் கிண்ணத்தில் பாலை ஊற்றினாள்.

அவள் வாயால் பசி என்று கேட்டதே அப்பாவுக்குப் போதுமாக இருந்தது. மேற்கொண்டு எதையும் அவர் கிளறவில்லை.

பூனைகள் ஒரே கிண்ணத்தில் குனிந்தன. இரண்டு நாக்குகளும் பாலை நக்கின. சத்தம் மட்டும் ஒன்றுதான் கேட்டது.